கிண்ணம் ஒரு குழுவுக்கு, மிச்சப் பணம் யாருக்கு?

போட்டி முடிந்து கூடாரத்தைப் பிரிக்கும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி எழும். வென்ற குழு கிண்ணத்தோடு படம் எடுத்துக்கொண்டு போயிருக்கும். திடலோரத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். பொருளாளர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கூட்டிக் கழிப்பார். "அண்ணே, மூணு மாசமா அலைஞ்சோம். கையில ஒண்ணும் நிக்கலையே" என்பார் ஓர் இளைஞர். "காசு நிக்கணும்னா கடை போடலாமே தம்பி, போட்டி எதுக்கு?" என்பார் மூத்தவர்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மலாக்காவின் அலோர் காஜா, ஜாசின், மத்திய மலாக்கா ஆகிய 3 மாவட்டங்களிலும் தோட்டத்திலோ பட்டணத்திலோ ஒரு போட்டியை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. எழுவர் கால்பந்து, கபடி, பூப்பந்து, சிலம்பம், திடல்தடம் என எந்த விளையாட்டாக இருந்தாலும் முடிவில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான். அமெச்சூர் போட்டி என்பது பணம் சேர்க்கும் வழியா, உறுப்பினர்களுக்குச் செய்யும் சேவையா? இதைக் கொஞ்சம் கணக்கோடும் சட்டத்தோடும் பார்ப்போம்.

திடல் வந்த கதை

மலேசியாவில் இரப்பர் வணிகப் பயிராக வேரூன்றியதே மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் கன்றுகளை நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் பயிரிட்டார். அதைத் தொடர்ந்து எழுந்த தோட்டங்களுக்குத்தான் நம் முன்னோர் பால்மரம் வெட்ட வந்தார்கள். லயன் வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை ஆகியவற்றோடு ஒரு திடலும் தோட்ட வாழ்க்கையின் பகுதி ஆனது. காலையில் பெரட்டுக்குப் போனவர்கள் மாலையில் அதே திடலில் பந்து உதைத்தார்கள்.

அந்தக் காலத்துப் போட்டிகளில் இலாபம் என்ற பேச்சே கிடையாது. ஆளுக்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று வசூல் நடக்கும். மளிகைக் கடைக்காரர் கிண்ணத்துக்குக் கொடுப்பார். துரையோ கிராணியோ பரிசு எடுத்துக் கொடுப்பார். சாப்பாடு பெண்களின் பொறுப்பு. கோயில் திருவிழா எப்படி நடந்ததோ அப்படியே போட்டியும் நடந்தது. இன்றும் மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகிறவர்கள் அன்னதானப் பந்தியைப் பார்த்திருப்பார்கள். அங்கே பரிமாறுகிறவரிடம் "இதில் உங்களுக்கு என்ன மிச்சம்?" என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்துப் போட்டியும் அந்த வகையைச் சேர்ந்ததாகத்தான் இருந்தது.

இப்போது நிலைமை வேறு. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம் குடும்பங்கள் அலோர் காஜா, டுரியான் துங்கால், மெர்லிமாவ், ஜாசின், புக்கிட் பாரு போன்ற இடங்களின் வீடமைப்புப் பகுதிகளுக்கு மாறின. சில தோட்டங்களில் திடல் இருக்கிறது, விளையாட ஆள் இல்லை. பட்டணத்தில் ஆள் இருக்கிறார்கள், சொந்தத் திடல் இல்லை. நகராண்மைக் கழகத்திடம் அனுமதியும் வாடகையும் கேட்டு நிற்க வேண்டும். முன்பு கையுழைப்பாலும் இரவல் பொருளாலும் முடிந்த காரியங்களுக்கு இன்று பணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே பணத்தைப் பற்றிப் பேசுவதைத் தவறென்று சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது எந்தக் கழகத்தின் கணக்கும் அல்ல. விளக்கத்துக்காக நாமே போட்டுக்கொள்ளும் கணக்கு. எழுவர் கால்பந்துப் போட்டி, 16 குழுக்கள், ஒரு குழுவில் மாற்று ஆட்டக்காரர்களோடு 10 பேர்.

பரிசுத்தொகை நீங்கலான செலவு இப்படி என்று வைத்துக்கொள்வோம். திடல் 400 ரிங்கிட், கூடாரம், நாற்காலி, ஒலிபெருக்கி 600, நடுவர்கள் 700, கிண்ணமும் பதக்கங்களும் 700, முதலுதவி 400, தண்ணீர், உணவு 500, பதாகையும் அச்சுச் செலவும் 200. கூட்டினால் 3,500 ரிங்கிட். உள்ளூர்க் கடைகளும் நண்பர்களும் தரும் ஆதரவுத் தொகை 2,000 ரிங்கிட்.

முதல் வகை: நுழைவுக் கட்டணம் ஒரு குழுவுக்கு 200. வரவு 3,200, ஆதரவுத் தொகையோடு 5,200. ரொக்கப் பரிசு 1,500 கொடுத்தால் மொத்தச் செலவு 5,000. மிச்சம் 200.

இரண்டாம் வகை: "பெரிய பரிசு வைத்தால்தான் பெரிய குழுக்கள் வரும்" என்று ரொக்கப் பரிசை 5,000 ஆக்குகிறோம். அதை ஈடுகட்டக் கட்டணம் 400 ஆகிறது. வரவு 6,400, ஆதரவுத் தொகையோடு 8,400. செலவு 8,500. அதாவது 100 ரிங்கிட் நட்டம்.

மூன்றாம் வகை: ரொக்கப் பரிசே கிடையாது. கிண்ணமும் பதக்கமும் மட்டும். கட்டணம் 100. வரவு 1,600, ஆதரவுத் தொகையோடு 3,600. செலவு 3,500. மிச்சம் 100.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். கூடாரமோ நடுவரோ கட்டணத்தை உயர்த்தவில்லை. ரொக்கப் பரிசுதான் உயர்த்தியது. இரண்டாம் வகையில் பரிசு முதல் 4 குழுக்களுக்குப் போகிறது என்றால், மீதி 12 குழுக்கள் கட்டிய பணம் 4,800. ஏறக்குறைய பரிசுத்தொகை முழுவதும் தோற்றவர்களின் பணம்தான். ஏற்பாட்டுக் குழுவுக்கும் அதில் ஒரு காசு மிஞ்சவில்லை.

ஆட்டக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். முதல் வகையில் தலைக்கு 20 ரிங்கிட், இரண்டாம் வகையில் 40, மூன்றாம் வகையில் 10. இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 65 ரிங்கிட் வரும். 40 ரிங்கிட் என்பது அதில் பாதிக்கும் மேல். அதோடு பெட்ரோல், சாப்பாடு, காலணி. வேலைக்குப் போகும் இளைஞர் எப்படியோ கொடுத்துவிடுவார். படிவம் நான்கு, ஐந்தில் படிக்கும் பையன் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். அவர் யோசிப்பார். அந்தப் பையன் வரமாட்டான்.

இன்னொன்றும் நடக்கும். பரிசு பெரிதானால் வெளியூரிலிருந்து காசுக்கு ஆள் பிடித்து வந்து ஆடுவது வழக்கமாகிவிடும். சொந்தத் தோட்டத்துப் பையன் சட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். பெயர் தோட்டத்துடையது, கால்கள் வேறு ஊருடையவை. சேவை, இலாபம் இரண்டிலும் சேராத மூன்றாவது நிலை இது. ஏற்பாட்டாளருக்கும் நட்டம், உறுப்பினருக்கும் பயனில்லை.

இலாபமும் மிச்சமும் ஒன்றல்ல

அப்படியானால் போட்டியில் பணமே மிஞ்சக் கூடாதா? அப்படிச் சொல்வதும் சரியாகாது.

மிச்சமே இல்லாத கழகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்திருக்கிறோம். துண்டு விழும் தொகையைத் தலைவர் தன் பையிலிருந்து போடுவார். ஐந்து, பத்து ஆண்டுகள் அப்படிப் போகும். அவர் களைத்துப்போனாலோ காலமானாலோ போட்டியும் நின்றுவிடும். இல்லையென்றால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிரமுகரின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டும். அவர் வர இரண்டு மணி நேரம் தாமதமானால் பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். கையில் சேமிப்பு இல்லாத கழகத்தால் யாரிடமும் "நேரமாகிவிட்டது, ஆட்டத்தைத் தொடங்குகிறோம்" என்று சொல்ல முடியாது.

ஆகவே மிச்சம் தேவை. மழை பெய்து போட்டி ஒத்திவைக்கப்பட்டால் தாங்குவதற்கும், அடுத்த ஆண்டுத் திடல் முன்பணத்துக்கும், பந்தும் வலையும் வாங்குவதற்கும் அது வேண்டும். மிஞ்சும் பணம் சங்கத்திடமே இருந்து, சங்கத்தின் நோக்கத்துக்கே செலவானால் அது மிச்சம். தனிமனிதரின் பைக்குப் போனால் அது இலாபம். பேச்சில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் விளையாட்டுச் சங்கங்களை நெறிப்படுத்துவது 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம். அதன் கீழ் விளையாட்டு அமைப்புகள் விளையாட்டுத் துறை ஆணையரிடம் பதிவு பெற வேண்டும். பதிவு பெற்ற அமைப்புக்குச் சட்டவிதிகள், உறுப்பினர் பட்டியல், தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர்கள், ஆண்டுப் பொதுக்கூட்டம், கணக்கறிக்கை எல்லாம் இருக்க வேண்டும். பதிவை நிறுத்தி வைக்கவும் நீக்கவும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு.

விளையாட்டைத் தொழிலாக நடத்த விரும்பும் நிறுவனங்களுக்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அவை உரிமம் பெற்று நடத்தலாம். ஆகவே போட்டி நடத்திப் பணம் சம்பாதிப்பது குற்றமல்ல. சங்கமாகப் பதிந்துகொண்டு நிறுவனம்போல் நடப்பதுதான் சிக்கல். சங்கத்தின் பெயரைச் சொல்லித் திடல் வாடகையில் சலுகை கேட்கிறோம், கடைக்காரரிடம் நன்கொடை வாங்குகிறோம், இளைஞர்களைச் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறோம். இவை யாவும் பொதுச் சேவைக்காகக் கிடைப்பவை. அவற்றைப் பெற்றுக்கொண்டு முடிவில் வரும் பணத்தைத் தனியார் பணமாகக் கருத முடியாது.

பதிவாலும் உரிமத்தாலும் ஆட்டக்காரருக்கு ஒரு நன்மையும் உண்டு. 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் விளையாட்டுச் செலவுக்கான தனிநபர் வருமான வரிக் கழிவு ஆண்டுக்கு 1,000 ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது. விளையாட்டுப் பொருள்கள், திடல் வாடகை, பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றோடு போட்டிப் பதிவுக் கட்டணத்தையும் அதில் காட்டலாம். ஆனால் அந்தப் போட்டியை நடத்துபவர் விளையாட்டுத் துறை ஆணையரின் அங்கீகாரமும் உரிமமும் பெற்றவராக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அறிவித்து, தனியார் வங்கிக் கணக்கில் பணம் வாங்கி, இரசீதும் கொடுக்காமல் நடத்தும் போட்டிக்கு இந்தக் கழிவைக் கேட்க முடியாது. நுழைவுச் சீட்டு விற்றுப் பார்வையாளரை உள்ளே விடுவதாக இருந்தால், மாநில அரசுக்குச் சேரும் கேளிக்கை வரி பற்றியும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் பதிவான ஒரு சங்கம்

உலகின் பணக்கார விளையாட்டு அமைப்புகளில் ஒன்று இந்தியக் கிரிக்கெட் வாரியம். 1928இல் உருவான அந்த வாரியம் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். நம் ஊர்க் கழகம்போல அதற்கும் உறுப்பினர்கள், விதிகள், பொதுக்கூட்டம் எல்லாம் உண்டு. 2008இல் ஐபிஎல் தொடங்கியபின் அதன் வருமானம் எங்கோ போய்விட்டது. "நீங்கள் இன்னும் சேவை அமைப்பா, வணிகமா?" என்று இந்திய வருமான வரித் துறை கேட்டது.

2021 நவம்பரில் மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் வாரியத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஐபிஎல் பணம் ஈட்டுவதாக இருந்தாலும் கிரிக்கெட்டை வளர்க்கும் அடிப்படை நோக்கம் அதனால் மறைந்துவிடவில்லை என்பது அதன் சாரம். ஆனால் 2022 அக்டோபர் 19ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் பொதுநல அமைப்புகளைப் பற்றிய வேறொரு பெரிய வழக்கில் இன்னும் கடுமையான அளவுகோலை வைத்தது. செலவுக்குச் சமமாகவோ அதற்குச் சற்று மேலாகவோ கட்டணம் வாங்கினால் அது வணிகமாகாது. செலவைவிடக் கணிசமாக மேலே போனால் வணிகத்தின் சாயல் வந்துவிடும். அப்படி வரும் வருமானத்துக்கும் உச்சவரம்பு உண்டு. இந்தியச் சட்டத்தில் அது மொத்த வரவில் 20 விழுக்காடு. அந்த வழக்கில் சேர்ந்திருந்த மாநிலக் கிரிக்கெட் சங்கங்களின் நிலையை மீண்டும் ஆராயும்படி நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

அது இந்தியச் சட்டம், நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் "செலவு, அதற்குமேல் கொஞ்சம்" என்ற அளவுகோல் தோட்டத்துக் கழகத்துக்கும் பொருந்தும். கட்டணம் சொல்லும்போதே செலவுப் பட்டியலையும் காட்ட முடிந்தால் அது சேவை. காட்டத் தயங்கினால் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் கண்முன் நடந்தது

தொழில்முறைப் பக்கம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. மலாக்காக்காரர்கள் அதன் மேடு பள்ளத்தை நேரில் பார்த்தவர்கள். மலாக்கா யுனைடெட் 2016இல் பிரிமியர் லீக்கை வென்று 2017இல் சூப்பர் லீக்கில் ஏறியது. குருபோங்கிலுள்ள ஹங் ஜெபாட் விளையாட்டரங்கில் 40,000 பேர் அமரலாம். அந்த அரங்கமும் இரசிகர்களும் இருந்தும், 2023 பருவத்துக்கான உரிமம் மலாக்கா யுனைடெட்டுக்குக் கிடைக்கவில்லை.

இந்தியச் சமூகத்தின் குழுவாக எழுந்த மிஃபா 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. நம் பிள்ளைகளுக்கு ஒரு வாசல் திறந்தது என்று மகிழ்ந்தோம். பிறகு அது பிஜே சிட்டி எனப் பெயர் மாறி 2019இல் சூப்பர் லீக்கில் ஆடியது. அந்தக் குழுவும் 2023 பருவத்துக்கு முன் விலகிக்கொண்டது. ஆக, ஒரே ஆண்டில் மாநிலக் குழுவும் இல்லை, சமூகத்திலிருந்து எழுந்த குழுவும் இல்லை. இதில் யாரையும் குறைசொல்வதற்கில்லை. தொழில்முறை விளையாட்டில் பணம் வரும் வழி அடைபட்டால் மொத்தமும் நின்றுவிடும் என்பது அதன் இயல்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டம் அப்படி நிற்பதில்லை. அதை நடத்துகிறவர்கள் சம்பளத்துக்கு நடத்தவில்லை.

வெளியுலகில் இரண்டு பாடங்கள்

1976இல் மாண்ட்ரியல் நகரம் ஒலிம்பிக் நடத்திய கடனைக் கட்டி முடிக்க 30 ஆண்டுகள் ஆயின. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் பழைய அரங்கங்களைப் பயன்படுத்தி, நிறுவனங்களின் ஆதரவைத் திரட்டி, 23 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் மிச்சம் காட்டியது. அதில் 40 விழுக்காடு தென் கலிபோர்னியாவிலேயே வைக்கப்பட்டு, இளையோர் விளையாட்டுக்கான அறநிறுவனமாக இன்றுவரை இயங்குகிறது. மிஞ்சினால் அது எங்கே போகும் என்று முன்கூட்டியே முடிவுசெய்திருந்ததால் அந்தப் பணம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது.

அயர்லாந்தில் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884இல் தொடங்கியது. டப்ளினில் அதன் குரோக் பார்க் அரங்கில் 82,000 பேருக்கும் மேல் அமரலாம். இறுதியாட்டத்துக்கு அரங்கம் நிரம்பும். ஆனாலும் திடலில் ஆடுபவர்களுக்குச் சம்பளம் இல்லை. மறுநாள் அவர்கள் ஆசிரியராகவோ விவசாயியாகவோ தங்கள் வேலைக்குத் திரும்புவார்கள். சீட்டு விற்ற வருமானத்தின் பெரும்பகுதி ஊர்க் கழகங்களுக்கும் திடல்களுக்கும் திரும்பிப் போகிறது. பெரிய பணமும் அமெச்சூர் உணர்வும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

நம் நாட்டிலும் அந்த உணர்வு புதிதல்ல. டாக்டர் மு. ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 3 தங்கம் வென்றபோது ஓட்டம் அவருக்குப் பிழைப்பு அல்ல, அவர் தேர்ந்த தொழில் மருத்துவம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் அவர் பதித்த 20.92 வினாடி தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்றது. 2017இல் அதை முறியடித்தவர் மலாக்காவைச் சேர்ந்த கைருல் ஹாபிஸ் ஜந்தான். இந்த மண்ணில் திறமைக்குப் பஞ்சமில்லை. அந்தத் திறமை 12 வயதில் யார் கண்ணிலாவது பட வேண்டும். அதற்கு நுழைவுக் கட்டணம் தடையாக இருக்கக் கூடாது.

உறுப்பினர் என்பவர் யார்?

சேவை உறுப்பினருக்கு என்கிறோம். அந்த உறுப்பினர் யார் என்று கேட்டால் பல கழகங்களில் பதில் தெளிவாக இருக்காது. தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு எல்லாம் இருப்பார்கள். உறுப்பினர் பட்டியல் பழையதாக இருக்கும். தோட்டத்தைவிட்டுப் போய் இருபது ஆண்டுகள் ஆனவர் பெயர் இருக்கும், இப்போது ஆடும் பையன் பெயர் இருக்காது. பொதுக்கூட்டத்துக்கு வர ஆளில்லை என்பார்கள். உறுப்பினர் ஆக்கினால்தானே வருவார்கள்?

ஆடுகிறவர்களை உறுப்பினர் ஆக்கிக்கொண்டாலே கேள்வியின் பாதி தீர்ந்துவிடும். கட்டணம் எவ்வளவு, ரொக்கப் பரிசு வேண்டுமா, மிச்சத்தை என்ன செய்வது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். பணம் கட்டுகிறவரும் முடிவெடுக்கிறவரும் ஒருவராக இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி என்று கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. சங்கம் வியாபாரம் செய்தது, பணம் ஈட்டியது. ஆனால் அந்தப் பணத்தின் உரிமையாளர்கள் உறுப்பினர்கள். சம்பாதிப்பதும் சேவை செய்வதும் எதிரெதிரானவை அல்ல என்று நம் பாட்டன்மார் அன்றே செய்து காட்டிவிட்டார்கள்.

சேவை என்றால் எதைச் சொல்கிறோம்?

போட்டி நாளன்று ஆண்கள் ஆடிவிட்டுப் போவது மட்டும் சேவையாகிவிடாது. மிச்சம் எங்கே போகலாம் என்பதற்கு நம்மைச் சுற்றியே வழிகள் இருக்கின்றன. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் திடல்தடக் குழுவுக்குக் காலணி வாங்கித் தரலாம். 12 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லாப் பிரிவு வைக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்தோ கால்பந்தோ ஒரு பிரிவைத் திறந்து, உடைமாற்ற மறைவான இடமும் கழிப்பறையும் ஏற்பாடு செய்யலாம். அது இல்லாததாலேயே அம்மாக்கள் பெண்களை அனுப்புவதில்லை. இரண்டு இளைஞர்களை நடுவர் பயிற்சிக்கு அனுப்பினால் அடுத்த ஆண்டு நடுவர் செலவும் குறையும், அவர்களுக்கு ஒரு பகுதிநேர வருமானமும் பிறக்கும். ஆட்டத்தில் கால் முறிந்தவருக்கு உதவ ஒரு சிறு நிதி ஒதுக்கலாம். அடிபட்ட பையனின் குடும்பம் ஒரு மாதம் எப்படிச் சமாளித்தது என்று பிறகு விசாரிக்கிற கழகத்தைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கும்.

ரொக்கப் பரிசை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. அதற்கென்று ஓர் ஆதரவாளர் தனியாகக் கொடுத்தால் கொடுக்கட்டும். தோற்கும் குழுக்களின் நுழைவுக் கட்டணத்திலிருந்து அது வரக் கூடாது என்று ஒரு விதி வைத்தால் போதும். ஒரு குழுவில் குறைந்தது இத்தனை பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கலாம்.

போட்டி அறிவிப்பை ஒட்டும் முன்

ஏற்பாட்டுக் குழு உட்கார்ந்து பேசும் முதல் கூட்டத்திலேயே சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருந்தால் பின்னால் மனத்தாங்கல் வராது. பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கில் வருகிறதா, தனியார் கணக்கிலா? காசோலையில் இருவர் கையெழுத்து இருக்கிறதா? ஒவ்வொரு குழுவுக்கும் இரசீது உண்டா? மிஞ்சினால் எதற்கு, துண்டு விழுந்தால் யார் பொறுப்பு? வேலை செய்தவர்களுக்குப் படிப்பணம் உண்டென்றால் எவ்வளவு என்று முன்பே சொல்லிவிட்டோமா? நாள் முழுவதும் வெயிலில் நின்றவருக்கு 50 ரிங்கிட் கொடுப்பது தவறில்லை. யாருக்கும் சொல்லாமல் எடுத்துக்கொள்வதுதான் தவறு.

பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் நேர்மையானவர்கள், கைக்காசு போட்டவர்கள். அவர்கள்மீது சந்தேகம் விழக் காரணம், கணக்கு நோட்டு வீட்டு அலமாரியிலேயே இருந்துவிடுவதுதான். வெளியே வராத கணக்கு வாய்க்கு வாய் வளரும். 200 ரிங்கிட் மிச்சம் 2,000 ஆகப் பேசப்படும். அடுத்த ஆண்டு இரண்டு குழுக்கள் வராது, ஒரு கடைக்காரர் "பார்க்கலாம்" என்பார். பல போட்டிகள் இப்படித்தான் நின்றிருக்கின்றன.

அந்த மாலை திடலோரத்தில் பேசிக்கொண்ட இருவரிடமும் திரும்புவோம். "ஒண்ணும் நிக்கலையே" என்ற இளைஞர் கேட்டதில் பேராசை இல்லை. தன் உழைப்பு எங்கே போனது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார். "போட்டி எதுக்கு?" என்ற மூத்தவர் பணத்தை வெறுப்பவர் அல்ல. போட்டி கடையாகிவிடுமோ என்று பயப்படுகிறார். இருவருக்கும் ஒரே பதில்தான். போட்டி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, அது இன்னதற்கு என்று ஒரே தாளில் எழுதி, கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு நாற்காலி அடுக்க ஆள் தேட வேண்டியிருக்காது.